புத்தகத்தில் ஒரு கிரிக்கெட் ஆட்டம்

(பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி)



விளையாட்டு என்றதும் பரந்த மைதானமும் பச்சைப் புல்வெளியும் நம் மனக்கண்முன் தோன்றும். ஆனால் புளியந்தோப்பில் வாழும் நம்மில் பலருக்கு மைதானம் என்பது எட்டாத பொருள். நம் சந்துகள் குறுகியவை. அவற்றிலும் மாலை வேளையில் மட்டையோடு நிற்பவர்கள் நம் அண்ணன் தம்பிமாரே. நமக்கோ தண்ணீர் பிடிக்க வேண்டும், தங்கையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மழைக்காலம் வந்துவிட்டால் தெருவே குளமாகிவிடும்.

இடமில்லாத காரணத்தால் வட சென்னை விளையாட்டை விட்டுவிடவில்லை. ஒரு கேரம் பலகை வைக்கும் இடத்திலிருந்தே 2008ஆம் ஆண்டில் வியாசர்பாடி இளவழகி உலக சாம்பியன் ஆனார். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைப் போட்டியில் காசிமா மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார். பலகைகூட வேண்டாத விளையாட்டு ஒன்று உண்டு. அதற்கு ஒரு புத்தகம், ஒரு பென்சில், ஒரு தாள் போதும். ‘புக் கிரிக்கெட்’ என்று நாம் அழைக்கும் அவ்விளையாட்டை முறையாக ஆடுவது எப்படி, அதிலிருந்து நாம் கற்பது என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

ஆடும் முறை

புத்தகத்தை மூடி வைத்துக் கண்ணால் பாராமல் திறக்க வேண்டும். இடப்பக்கத்தில் எப்போதும் இரட்டைப்படை எண்ணே இருக்கும். அதன் கடைசி இலக்கம்தான் ஒரு பந்தின் முடிவு. 2, 4, 6 வந்தால் அத்தனை ஓட்டங்கள். 8 வந்தால் 1 ஓட்டம். 0 வந்தால் விக்கெட் விழுந்தது என்று பொருள். ஆறு முறை திறந்தால் ஓர் ஓவர். சில வகுப்புகளில் 8க்கு ஓட்டமே இல்லை என்பார்கள். எதுவானாலும் ஆட்டம் தொடங்குமுன் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும்.

இதோ ஓர் எடுத்துக்காட்டு. முதல் ஐந்து பந்துகளில் 4, 2, 6, 8, 0 என்று வருவதாகக் கொள்வோம். ஓட்டங்கள் 4+2+6+1, ஆக மொத்தம் 13. ஒரு விக்கெட் போயிற்று. ஆட்டமிழந்தது யார்? தொடக்க ஆட்டக்காரர் என்று எழுதினால் தவறு. நான்காம் பந்தில் 1 ஓட்டம் எடுத்ததும் அவர் எதிர்முனைக்குப் போய்விட்டார். எனவே தொடக்க ஆட்டக்காரர் 13 ஓட்டங்களோடு நிற்கிறார். அவருடைய துணை முதல் பந்திலேயே 0க்கு வெளியேறுகிறார். இதைக் கவனித்து எழுதுவதற்குத்தான் ஸ்கோர் தாள்.

தாளில் இரண்டு பகுதிகள் வேண்டும். ஒன்றில் ஒவ்வோர் ஆட்டக்காரரின் ஓட்டங்கள், மற்றொன்றில் ஒவ்வோர் ஓவரின் ஓட்டங்கள். முடிவில் இரண்டையும் தனித்தனியே கூட்டினால் ஒரே விடை வர வேண்டும். வராவிட்டால் எங்கோ பிழை இருக்கிறது.

பந்து பந்தாக ஏன்?

“இவ்வளவு பாடு எதற்கு? நாணயத்தைச் சுண்டி, பூ விழுந்தால் இந்தியா, தலை விழுந்தால் ஆஸ்திரேலியா என்று முடிவு செய்யலாமே!” என்று ஒரு தோழி கேட்டாள். நல்ல கேள்விதான். அதற்கு நம் சேப்பாக்கமே விடை சொல்லும். 1986 செப்டம்பர் 22ஆம் நாள் அங்கே இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட் போட்டி சமனில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அது இரண்டாவது முறை. ஆஸ்திரேலியா எடுத்தவை 574, 170. இந்தியா எடுத்தவை 397, 347. இரு அணிகளுக்கும் கூட்டினால் 744. கடைசி ஓவரில் வெற்றிக்கு 4 ஓட்டங்கள் தேவை. கையில் ஒரே விக்கெட். ரவி சாஸ்திரி 3 ஓட்டங்கள் எடுத்துச் சமமாக்கினார். ஐந்தாம் பந்தில் மணீந்தர் சிங் எல்.பி.டபிள்யூ முறையில் ஆட்டமிழந்தார். ‘சமன்’ என்ற ஒரு சொல் மட்டும் நமக்குக் கிடைத்திருந்தால் அந்தக் கடைசி ஓவரை நாம் அறிந்திருக்க முடியுமா?

பிற நாட்டவரும் இந்த இன்பத்தை அறிவர். அமெரிக்கர்களின் பேஸ்பால் ஆட்டத்தை அட்டைகளும் பகடையும் கொண்டு மேசைமீது ஆட 1951இல் ‘ஆப்பா’ என்னும் விளையாட்டு வந்தது. 1961இல் ‘ஸ்ட்ராட்-ஓ-மேட்டிக்’ வந்தது. இதை உருவாக்கிய ஹால் ரிச்மன் தமது பதினோராம் வயதிலேயே இதன் முதல் வடிவத்தைச் சிந்திக்கத் தொடங்கியவர். 1971இல் டான் டாக்லோ என்ற கல்லூரி மாணவர் பேஸ்பால் ஆட்டத்தைக் கணினிக்குக் கொண்டுவந்தார். இன்றைய கணினி விளையாட்டுகளில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஆண்டு முழுவதற்குமான ஆட்டங்களும் நொடியில் முடிந்து பட்டியல் வந்துவிடும். விரும்பினால் ஒரே ஓர் ஆட்டத்தில் அமர்ந்து, ஒவ்வொரு பந்துக்கும் நாமே முடிவெடுக்கலாம். பட்டியலைப் பார்ப்பவர் யார் வென்றார் என்று மட்டும் அறிவார். அமர்ந்து ஆடுபவர் ஏன் வென்றார் என்பதையும் அறிவார்.

கணக்கு சொல்வது

நம் பத்தாம் வகுப்புக் கணக்கில் ‘புள்ளியியலும் நிகழ்தகவும்’ என்று ஒரு பாடம் உண்டு. அதைக் கண்டு அஞ்சும் தோழியர் இந்த ஆட்டத்தை எடுத்துக்கொள்ளட்டும். வரக்கூடிய இலக்கங்கள் ஐந்து. அவற்றில் 0 ஒன்று. ஆகவே ஒரு பந்தில் விக்கெட் விழும் நிகழ்தகவு 1/5. ஒரு பந்துக்குச் சராசரி ஓட்டம் (2+4+6+1+0)/5, அதாவது 2.6. சராசரியாக ஐந்து பந்துகளுக்கு ஒரு விக்கெட். எனவே ஒரு விக்கெட்டுக்கு 2.6 × 5 = 13 ஓட்டங்கள். பத்து விக்கெட்டுக்கு 130. மேலே கண்ட எடுத்துக்காட்டில் 13 வந்ததன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

இதில் ஒரு குறை உண்டு. முதல் ஆட்டக்காரருக்கும் பதினோராமவருக்கும் ஒரே திறமை ஆகிவிடுகிறது. அதை நீக்க நாங்கள் ஒரு வழி செய்தோம். சிறந்த ஆட்டக்காரருக்கு 0 வந்தால் மறுபடி திறக்க வேண்டும். அப்போது 0, 2, 4 வந்தால்தான் அவுட், மற்றபடி ஓட்டமில்லாப் பந்து. கடைசி ஆட்டக்காரர்களுக்கு 0, 8 இரண்டுமே அவுட். இப்போது சிறந்தவரின் சராசரி ஏறத்தாழ 22, நடுவரிசைக்கு 13, கடைசி வரிசைக்கு 6. ஐந்து ஓவர் ஆட்டத்தில் 30 பந்துகளே உண்டு. அதற்குள் கடைசி வரிசைக்கு முறை வருவதே அரிது. ஆகவே யாரை முதலில் அனுப்புவது என்று சிந்திக்க வேண்டியதாயிற்று. அணித் தலைவியின் வேலை அதுதானே!

புத்தகத்தையும் ஆராய வேண்டும். 168 பக்கமுள்ள புத்தகத்தில் இரட்டைப்படைப் பக்கங்கள் 84. அவற்றுள் 0இல் முடிபவை 16. மற்ற இலக்கங்களுக்குத் தலா 17. இது சிறு வேறுபாடு. பெரிய வேறுபாடு பழைய புத்தகத்தில் இருக்கிறது. அடிக்கடி படித்த பக்கத்தில் அது தானாகவே திறக்கும். எனவே இரு அணிகளும் ஒரே புத்தகத்தை, எதிரணித் தோழி கையால் திறந்து ஆடுவதே நியாயம். இந்த ஆட்டத்துக்கு நடுவர் இல்லை. வந்த எண்ணை வந்தபடி சொல்லும் நேர்மை ஒன்றே நடுவர்.

பெற்றோர்க்கு ஒரு சொல்

“இது சூதாட்டம் போல அல்லவா இருக்கிறது?” என்று சில தாய்மார்கள் கேட்கக்கூடும். அவர்கள் அச்சம் வீணானதன்று. கைப்பேசியில் பணம் கட்டி ஆடி வாரக்கூலியை இழந்த வீடுகள் நம் தெருக்களில் உண்டு. அவ்வீட்டுப் பெண்கள் நம் வகுப்பறைகளிலும் அமர்ந்திருக்கிறார்கள். 2022இல் தமிழக அரசும், 2025இல் மத்திய அரசும் இணையவழிப் பண விளையாட்டுகளுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது இத்தகைய துயரங்களைக் கண்டுதான்.

ஆனால் பணமில்லாமல் ஆடும் இந்த ஆட்டம் அந்த மயக்கத்தைத் தெளிவிக்கவே செய்யும். பத்துப் பந்துகளாக 0 வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். “இனி வந்தே தீரும்” என்று மனம் சொல்லும். கணக்கோ, அடுத்த பந்திலும் அதே 1/5 என்கிறது. புத்தகத்துக்கு நினைவில்லை. “இத்தனை முறை தோற்றேன், அடுத்த முறை வென்றே தீருவேன்” என்று மேலும் பணம் கட்டுபவரை ஏமாற்றுவதும் இதே எண்ணந்தான்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். 10 ரூபாய் கட்டினால், 0 வரும்போது 40 ரூபாய் தருவதாக ஒருவர் சொல்கிறார். நான்கு மடங்கு என்றதும் ஆசை எழும். ஐந்து முறை ஆடினால் கட்டுவது 50. சராசரியாக ஒரு முறை வென்று பெறுவது 40. நீண்ட நேரம் ஆட ஆட இழப்பே மிஞ்சும். பத்தாம் வகுப்புப் பெண் தாளில் எழுதிக் காட்டக்கூடிய இந்தக் கணக்கை, வீட்டில் அண்ணனுக்கும் அப்பாவுக்கும் அன்போடு காட்டலாமே!

தோழியரே! பாட வேளையில் புத்தகம் படிப்பதற்கே. இடைவேளையிலும் மழை நாளிலும் அதே புத்தகம் நமக்கு மைதானமாகட்டும். சென்னையில் பிறந்த சாந்தா ரங்கசாமியின் தலைமையில் 1976இல் பாட்னாவில் இந்தியப் பெண்கள் தங்கள் முதல் டெஸ்ட் வெற்றியைக் கண்டார்கள். 2025 நவம்பர் 2ஆம் நாள் ஹர்மன்பிரீத் கவுர் தலைமையில் உலகக் கோப்பையே வென்றார்கள். அந்தப் பதினொருவரின் பெயர்களை இடப்பக்கம் எழுதுங்கள். உங்கள் வகுப்புத் தோழியர் பதினொருவரின் பெயர்களை வலப்பக்கம் எழுதுங்கள். ஒரு பந்தையும் விடாமல் ஆடுங்கள், வந்ததை வந்தபடி எழுதுங்கள், கூட்டிச் சரிபாருங்கள்!