வெளிச்சத்தைத்தான் பார்க்கும், ஆளைப் பார்க்காது

தங்கச்சி, புதுக் காரைக் கையில் கொடுக்கும்போது ஷோரூமில், "லைட்டைப் பத்திக் கவலையே வேணாம் மேடம், எல்லாமே ஆட்டோ" என்று சொல்லியிருப்பார்கள். ஆனால் வேலை முடிந்து இருட்டில் சிதம்பரத்திலிருந்து கடலூர் வரை 45 கிலோமீட்டர் ஓட்டி வரப்போகிறவள் நீ. அந்த ஆட்டோ எதைச் செய்யும், எதைச் செய்யவே செய்யாது என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில் உன் வண்டியில் என்னென்ன இருக்கிறது என்று பார். இருட்டினால் ஹெட்லைட் தானே எரிவது ஒன்று. எதிரே வண்டி வந்தால் தானே ஹைபீமிலிருந்து லோபீமுக்கு இறங்குவது இன்னொன்று. ஸ்டியரிங் திரும்பும் பக்கத்துக்கு வெளிச்சம் காட்டுவது மூன்றாவது. பின்னால் பாரம் ஏறினால் ஒளியைத் தாழ்த்துவது நான்காவது. பக்கத்து வீட்டில் அதே கார் இருக்கிறதே என்று கணக்குப் போடாதே, வேரியண்டுக்கு வேரியண்ட் மாறும். டாஷ்போர்டு பெட்டியில் பிரிக்காமல் கிடக்கிற கையேட்டை எடுத்து, விளக்கு பற்றிய பக்கங்களை மட்டுமாவது படித்துவிடு.

தானே எரியும் விளக்குக்கு ஒரு சென்சார்தான் கண். சில வண்டிகளில் அது முன்கண்ணாடியின் மேற்பகுதியில் இருக்கும். சிலவற்றில் டாஷ்போர்டு மேலேயே சின்னக் கறுப்புக் குமிழாக இருக்கும். நாம் பிள்ளையாரை வைப்பதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான். சாமி சென்சாரை மறைத்தால் நட்டநடு மத்தியானத்திலும் ஹெட்லைட் எரியும். நாலு விரல் தள்ளி வை.

இதைவிடப் பெரிய சிக்கல் மார்கழியில் வரும். காலை ஏழு மணிக்கு ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் பக்கம் வயலெல்லாம் பனி மூடிக் கிடக்கும், முப்பது அடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஆனால் வானம் வெளுத்திருக்கும். சென்சார் அளப்பது வெளிச்சம் இருக்கிறதா என்பதை மட்டுமே. பார்வை தெரிகிறதா என்பது அதற்குத் தெரியாது. அதனால் 'பகல்' என்று முடிவு செய்து ஹெட்லைட்டைப் போடாது. முன்னால் பகல் விளக்கு மட்டும் எரியும். நிறைய வண்டிகளில் அப்போது பின்விளக்கு எரியாது. டாஷ்போர்டு பளிச்சென்று இருப்பதால் எல்லாம் எரிகிறது என்றே தோன்றும், பின்னால் வரும் லாரிக்கு நீ இருப்பதே தெரியாது. பனியிலும் ஐப்பசி, கார்த்திகைக் கனமழையிலும் ஆட்டோவை நம்பாதே. உன் கையாலேயே லோபீமைப் போடு. பனியில் ஹைபீம் கூடவே கூடாது. துளிகளில் பட்டு உன் கண்ணுக்கே திரும்பி வரும்.

இப்போது முக்கியமான விஷயம், ஹைபீம் அசிஸ்ட். 2021-ல் வந்த எம்.ஜி. ஆஸ்டர், 2022-ன் ஹோண்டா சிட்டி ஹைபிரிட், 2023-ன் வெர்னா என்று நடுத்தரக் குடும்பங்கள் வாங்குகிற வண்டிகளுக்கும் இது வந்துவிட்டது. முன்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா. எதிரே வரும் ஹெட்லைட்டையும் முன்னே போகும் சிவப்புப் பின்விளக்கையும் அது தேடும். கண்டால் லோபீம், காணாவிட்டால் ஹைபீம். தெருவிளக்கு வரிசையாக இருந்தாலும் ஊருக்குள் வந்துவிட்டோம் என்று இறக்கிவிடும். பெரும்பாலும் 30, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால்தான் வேலையே தொடங்கும். ஹெட்லைட் படத்துக்குள் 'ஏ' என்ற ஆங்கில எழுத்து தெரிந்தால் அது விழித்திருக்கிறது என்று அர்த்தம். நீல விளக்கு எரிந்தால் இந்த நிமிடம் ஹைபீமில் போகிறாய். அந்த நீலத்தை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இரு.

ஏன் என்றால், கேமரா விளக்கைத் தேடுகிறது. நம் சாலையில் விளக்கே இல்லாமல் வருபவர்களும் நிறைய. நெல்லிக்குப்பம் ஆலைக்கும் சேத்தியாத்தோப்பு ஆலைக்கும் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டரைப் பார்த்திருப்பாய். டிரெய்லருக்கு வெளியே இரண்டு பக்கமும் கரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். பின்விளக்கு இருந்தாலும் தோகை தொங்கி மறைத்திருக்கும். ஒரு சிவப்புத் துணி கட்டியிருந்தால் பெரிய விஷயம். கேமராவுக்கு அங்கே வண்டியே இல்லை. நல்லவேளையாக அப்போது ஹைபீம் எரிந்துகொண்டே இருக்கும், நீ தூரத்திலேயே பார்த்துவிடலாம். ஆபத்து எங்கே என்றால், எதிரே ஒரு பஸ் வரும்போது. பஸ்ஸைப் பார்த்து உன் விளக்கு லோபீமுக்கு இறங்கும். சரியாக அந்த நேரத்தில்தான் கரும்பு டிரெய்லர் இருட்டுக்குள் போகும்.

இதற்கு ஒரு கணக்கு சொல்கிறேன். மணிக்கு 80-ல் போனால் நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறாய். கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி என்றால் அதற்கே 33 மீட்டர். காய்ந்த சாலையில் வண்டி நிற்க இன்னும் ஒரு 35. மொத்தம் 70 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. லோபீம் தெளிவாகக் காட்டுவதோ 50, 60 மீட்டர். கண்ணில் படும்போதே காலம் கடந்துவிடும். 60-ல் போனால் 45 மீட்டரில் நின்றுவிடலாம். எனவே விளக்கு இறங்கியதும் உன் காலும் ஆக்சிலரேட்டரிலிருந்து இறங்க வேண்டும். எந்தச் சென்சாரும் இதை உனக்காகச் செய்யாது.

நடந்து போகிறவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரத்துக்கும் தைப்பூசத்துக்கு வடலூருக்கும் ராத்திரியெல்லாம் ஜனங்கள் ரோட்டோரமாக நடக்கிறார்கள். பழைய சைக்கிளில் டைனமோ வேலை செய்யாது. ஊருக்குள் விடியும் முன்பே பெண்கள் வாசலில் குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள், பாதிக் கோலம் தார் ரோட்டிலேயே இருக்கும். இவர்கள் யாருக்காகவும் உன் கார் ஹைபீமை இறக்காது. முகத்துக்கு நேரே அடித்துக்கொண்டேதான் போகும். கண்ணில் புரை விழுந்த பெரியவர் ஒருவருக்கு அந்த வெளிச்சம் பட்டால், அடுத்த சில நொடி அவருக்கு ரோடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. ஆள் தெரிந்ததும் லீவரைத் தட்டி நீயே டிம் பண்ணு. கடந்ததும் திரும்பப் போட்டுக்கொள். இந்த ஒன்றைப் பழக்கிக்கொண்டால் போதும், மீதியெல்லாம் இதற்குப் பிறகுதான்.

நாலு வழியாக அகலப்படுத்திய இடங்களில் இன்னொரு தொல்லை. நடுத்திட்டில் அரளிச் செடி வளர்ந்திருக்கும். எதிர்ப்பக்கக் காரின் விளக்கு செடிக்குப் பின்னால் மறைந்து மறைந்து தெரியும், கேமரா குழம்பும். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் பஸ், லாரி டிரைவருக்கு மட்டும் செடிக்கு மேலாக உன் ஹைபீம் நேராகக் கண்ணில் அடிக்கும். அங்கேயும் கையால் இறக்கி வைப்பதே நல்லது. எதிரே வருபவர் இறக்காமல் வந்தால் பதிலுக்கு அடிக்காதே. பார்வையை இடது ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு மாற்றி வேகத்தைக் குறை.

ஹைபீமை மொத்தமாக இறக்காமல், எதிரே வருபவர் மேல் படும் துண்டை மட்டும் அணைக்கும் விளக்கும் உண்டு. 2013-ல் ஆடி ஏ8 காரில் ஒரு பக்கத்துக்கு 25 எல்.இ.டி. வைத்துச் செய்தார்கள். அமெரிக்காவில் இதற்கு 2022-ல்தான் அனுமதியே கிடைத்தது. நம் பட்ஜெட் வண்டிகளில் பெரும்பாலும் அது இல்லை. ஷோரூமில் 'அடாப்டிவ்' என்றால் எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொள்.

திரும்பும்போது பக்கவாட்டில் எரிகிற விளக்கு எனக்கு மிகவும் பிடித்தது. 1967-லேயே சிட்ரோயன் டி.எஸ். காரில் ஸ்டியரிங்கோடு சேர்ந்து திரும்பும் விளக்கு வைத்தார்கள். நம்மிடம் இருப்பது எளிய வகை: குறைந்த வேகத்தில் இண்டிகேட்டர் போட்டாலோ ஸ்டியரிங்கைத் திருப்பினாலோ அந்தப் பக்கத்துப் பனிவிளக்கு எரியும். சிதம்பரத்தில் கீழ வீதியிலிருந்து தெற்கு வீதிக்குத் திரும்பும் மூலையில் படுத்திருக்கும் மாட்டை அது காட்டிக்கொடுக்கும். பிச்சாவரம் போகும் கிள்ளை ரோட்டிலும் ரோட்டின் விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியும். இண்டிகேட்டரைச் சீக்கிரம் போடு, விளக்கும் சீக்கிரம் எரியும்.

பாரம் விஷயத்துக்கு வருவோம். ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் கீழே 0, 1, 2, 3 என்று ஒரு சின்னச் சக்கரம் இருந்தால், உன் வண்டி தானாகத் தாழ்த்தாது, நீதான் தாழ்த்த வேண்டும். பின்சீட்டில் மூன்று பேர், டிக்கியில் பண்ருட்டி பலாப்பழம் நாலு என்று ஏற்றினால் வண்டியின் மூக்கு தூக்கிக்கொள்ளும், லோபீமே ஹைபீம் மாதிரி அடிக்கும். எத்தனை பாரத்துக்கு எந்த எண் என்று கையேட்டில் இருக்கும். இறக்கிய பிறகு 0-வுக்குத் திருப்ப மறக்காதே, இல்லாவிட்டால் காலடி மட்டும்தான் தெரியும். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள், 8 மீட்டர் தள்ளி ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணைக் கூசவைக்காதபடி லைட் தாழ்ந்திருக்க வேண்டும் என்கின்றன. சமதளத்தில் லோபீமைப் போட்டுவிட்டு, 8 மீட்டர் தள்ளி நீயே எதிரே நின்று பார். கண் கூசினால் சர்வீஸில் அலைன்மென்ட் பார்க்கச் சொல்.

ஆயுத பூஜைக்கு ஹெட்லைட்டிலும் முன்கண்ணாடியிலும் சந்தனம் குங்குமம் வைப்போம். பானெட்டில் வை, சக்கரத்தில் வை. கண்ணாடியின் மேற்பகுதியில் கேமரா இருக்கும் இடத்தில் மட்டும் வேண்டாம். ஊர்ப் பெயர் ஸ்டிக்கரும் அங்கே வேண்டாம். கடலோரம் நிறுத்துகிற வண்டியில் உப்புப் படலம் படியும். மழைக்கால ராத்திரிகளில் பூச்சி வேறு ஒட்டும். வாரம் ஒருமுறையாவது கண்ணாடியையும் ஹெட்லைட்டையும் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவு. உலர்ந்த துணியால் தேய்த்தால் கோடு விழும்.

என்றாவது கல் பட்டு முன்கண்ணாடி மாற்ற வேண்டி வந்தால் கேமராவைக் கழற்றித்தான் மாட்டுவார்கள். கொஞ்சம் சாய்ந்தாலும் தூரக் கணக்கு தப்பும். கண்ணாடியை மாட்டியதோடு விட்டுவிடாமல் கேமராவுக்குக் கேலிபரேஷனும் செய்ய வேண்டும். பில்லில் அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டு.