குப்பையும் உரமும்

“குப்பை உயரும், கோபுரம் தாழும்” என்பது பழமொழி. காலத்தின் மாறுதலைக் குறிக்க முன்னோர் கூறிய இம்மொழி, வடசென்னையில் கண்கூடான காட்சியாகிவிட்டது. பெரம்பூருக்கு வடக்கேயுள்ள கொடுங்கையூரில், பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்ட நகரக் குப்பை குன்றென உயர்ந்தது. அதன் அருகே வாழ்வோர் தீப்பற்றுங்கால் எழும் புகையையும், மழைக்காலத்தில் வீசும் அழுகல் நாற்றத்தையும் பொறுத்து வாழ நேர்ந்தது. பழங்குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பணியைச் சென்னை மாநகராட்சி மேற்கொண்டுள்ளது. ஆயினும், அக்குன்று எவ்வாறு வளர்ந்தது என்பதை உணர்ந்தாலன்றி, அது மீண்டும் வளராமல் தடுத்தல் அரிது.

நாம் கழிக்கும் காய்கறித் தோல், பழச்சக்கை, எஞ்சிய சோறு ஆகியவற்றில் பெரும்பகுதி நீரே. இவை பிற குப்பையுடன் கலந்து குவியும்போது, இடைவெளிகளையெல்லாம் நீர் அடைத்துக்கொள்கிறது. காற்றுப் புகாத அவ்விடத்தில், காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை தீய நாற்றமுள்ள வாயுக்களையும், எளிதில் தீப்பற்றும் மீத்தேன் வாயுவையும் உண்டாக்குகின்றன. குவியலினின்றும் கசியும் கருநீர் நிலத்தடி நீரையும் கெடுக்கிறது.

அதே தோலுக்கும் சக்கைக்கும் காற்றுக் கிடைக்குமாயின், விளைவு வேறாகிறது. காற்றை நாடும் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து, மண்வாசனையுள்ள கரிய எருவாக மாற்றுகின்றன. ஆல்பர்ட் ஹோவர்டு என்னும் ஆங்கில வேளாண் அறிஞர், நம் நாட்டு உழவர்களின் வழக்கங்களை உற்றுநோக்கி, இந்தூர் நகரில் எருவாக்கும் முறையொன்றை வகுத்தார். 1931ஆம் ஆண்டில் அதனை நூலாகவும் வெளியிட்டார். இலைதழைகளையும் சாணத்தையும் மண்ணையும் அடுக்கி, இடையிடையே புரட்டிவிட்டால், ஏறக்குறைய 3 மாதங்களில் எரு ஆயத்தமாகும். இஃது ‘இந்தூர் முறை’ என உலகெங்கும் பெயர் பெற்றது.

சமையற்கழிவை எருவாக்குவோர் முதலில் அதன் மிகுநீரை வடியவிட வேண்டும். பின்னர், உலர்ந்த சருகு, மரத்தூள், தென்னைநார்க் கழிவு ஆகியவற்றுள் ஒன்றைக் கலத்தல் வேண்டும். முற்றிலும் உலர்த்திவிடுதலும் தவறாகும். ஈரமின்றி நுண்ணுயிர்கள் தொழிற்படா. நூற்றுக்கு 50 முதல் 60 பங்கு ஈரம் இருத்தல் நன்று. கைப்பிடியளவு எடுத்துப் பிழிந்தால், கை நனைய வேண்டும், நீர் ஒழுகலாகாது. இதுவே எளிய சோதனை. பெருங்குவியலின் உள்வெப்பம் 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை உயரும். அவ்வெப்பத்தில் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் மடியும். குவியல் குளிர்ந்து முதிர்ந்தபின் சலித்தெடுத்துப் பயிருக்கு இடலாம்.

ஆனால், கண்ணாடித் துண்டும் நெகிழிப் பையும் மருந்துப் புட்டியும் கலந்த குப்பையினின்று நல்லெரு கிடைக்காது. ஆதலின், ஈரக்குப்பை, உலர்குப்பை, தீங்கு தரும் குப்பை என வீட்டிலேயே மூவகையாகப் பிரிக்க வேண்டுமென 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் கட்டளையிட்டன.

நாம் எறியும் தோல் மறைந்து போவதில்லை. ஒருவர் வீட்டருகே நாற்றமாகவோ, ஒரு செடியின் வேரருகே உரமாகவோ சென்று சேர்கிறது. அவ்விரண்டனுள் எது நிகழ வேண்டும் என்பதை நம் வீட்டுக் குப்பைக்கூடையே முடிவு செய்கிறது. நாம் பிரித்திடச் சில நொடிகளே ஆகும். பிரியாது குவிந்ததைப் பின்னர்ப் பிரிக்கவோ ஆண்டுகள் பல வேண்டும்.