வகுளமும் வகுளாபரணரும்

மகிழமரம் வடமொழியில் வகுளம் எனப்படும். இதன் மலரைப் பறிப்பாரிலர். விடியலில் தானே உதிர்வதைத் திரட்டுவர். நிலத்தில் விழுந்த பூ ஆராதனத்திற்கு ஆகாதென்பது பொது விதி. பவழமல்லிக்கும் மகிழுக்கும் விலக்கு உண்டு. நடுவில் இயல்பாகவே துளையுள்ளதால் ஊசியின்றி நாரிற் கோக்கலாம். கடைமாலையையே நாடும் இந்நாளில் இவ்வெளிமை மறக்கப்பட்டது வருந்தத்தக்கது. பூ வாடி நிறம் மாறினும் மணம் நீங்காது.

இம்மாலை அணிந்தமையால் நம்மாழ்வார் வகுளாபரணர் எனத் திருநாமம் பெற்றார். ஆளவந்தார் ஸ்தோத்ர ரத்னத்தில் அவர் திருவடிகளை வகுளத்தோடு சேர்த்தே வணங்கினார். அந்த ஸ்தோத்ரத்தைக் காஞ்சியில் பேரருளாளன் ஸந்நிதியில் பெரிய நம்பி அனுஸந்திக்க, சாலைக்கிணற்றுத் தீர்த்தம் சுமந்துவந்த இளையாழ்வார், அதாவது ஸ்ரீராமாநுஜர், கேட்டு உருகினார் என்கிறது குருபரம்பரை. அதை அருளியவரைக் காண விரைந்தார். அவர் திருவரங்கம் சேர்வதற்குள் ஆளவந்தார் பரமபதித்துவிட்டார்.