ஈவு வரலாற்றைப் படிக்கும் முறை

மலேசியாவில் தனியார் துறை வேலையில் சேரும் பட்டதாரி, முதல் மாதச் சம்பளத்திலேயே ஒரு நிதியின் உறுப்பினராகிவிடுகிறார். அதுதான் ஊழியர் சேமநிதி. அதன் ஈவு வரலாறு நமக்கு நல்ல பாடம். 1983 முதல் 1987 வரை 8.5 விழுக்காடு; 2002-இல் 4.25; 2017-இல் 6.9, 2020-இல் 5.2. ஆகவே, ஓர் ஆண்டின் எண்ணை மட்டும் கொண்டு நான் எந்த நிதியையும் எடைபோடுவதில்லை. பத்தாண்டு வரிசையைப் பார்க்கிறேன். விலைவாசி உயர்வையும் கழித்துப் பார்க்கிறேன்.

சேமநிதியில் ஈவு நம் கணக்கில் சேரும், முதல் குறையாது. யூனிட் டிரஸ்ட் பெரும்பாலும் அப்படியன்று. 1 ரிங்கிட் விலையுள்ள யூனிட்டுக்கு 6 சென் ஈவு கொடுத்தால், மற்றவை மாறாதிருக்க, விலை 94 சென்னுக்கு இறங்கும். நம் பணமே நம் கைக்கு வருகிறது. விலை 1 ரிங்கிட்டாகவே நிற்கும் அமானா சாஹாம் மலேசியா போன்றவை இதற்கு விலக்கு.

ஈவை விலையால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் கிடைப்பது ஈவு விகிதம். 1 ரிங்கிட்டுக்கு 6 சென் என்றால் 6 விழுக்காடு. விலை 75 சென்னுக்குச் சரிந்தால், அதே 6 சென் 8 விழுக்காடாகிவிடும்! விகிதம் ஏறியிருக்கிறது, 1 ரிங்கிட்டுக்கு வாங்கியவருக்கோ யூனிட்டுக்கு 25 சென் இறக்கம்.

எனவே நண்பர்களே, கையொப்பமிடும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஐந்தாண்டுக்கு முன் விலை என்ன? இன்று என்ன? இடையில் தந்த ஈவு மொத்தம் எவ்வளவு?