பெண்மையின் மூன்று பருவங்களும் இரத்தச் சோகையும்



திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் சிவபெருமானுக்குத் தாயுமானவர் என்பது திருநாமம். காவிரியில் வெள்ளம் பெருகியதால் தாய் வந்து சேர முடியாமல், பேறுகால வேதனையில் தவித்த ஒரு பெண்ணுக்கு இறைவனே அவளுடைய தாயின் உருவில் வந்து துணை நின்றான் என்பது தலவரலாறு. தஞ்சைத் தரணியில் திருக்கருகாவூரில் அம்பிகை கருவைக் காக்கும் அன்னையாக, கர்ப்பரட்சாம்பிகையாக வீற்றிருக்கிறாள். பெண்களின் உடல்நலத்தைப் பற்றி ஆலய மலரில் எழுதலாமா என்று தயங்குவோருக்கு இவ்விரு தலங்களே போதிய விடையாகும்.

இக்கட்டுரையை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் கூறிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தைப்பூசத்தன்று நான் தண்ணீர்ப் பந்தலில் பணி செய்துகொண்டிருந்தேன். பால்குடம் செலுத்திவிட்டுத் திரும்பிய ஒரு பெண் பந்தலின் ஓரத்தில் மயங்கிச் சாய்ந்தாள். அருள் வந்திருக்கிறது என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் மற்றொருவர். எங்களுடன் இருந்த ஓய்வுபெற்ற தாதி ஒருவர் அவளுடைய கீழ் இமையை மெல்ல விலக்கிப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய உட்புறம் வெளுத்துக் கிடந்தது. பிறகு மருத்துவமனையில் சோதித்தபோது அவளுடைய ஹீமோகுளோபின் அளவு 7.2 என்று தெரிந்தது. 12க்குக் குறையாமல் இருக்க வேண்டிய அளவு அது.

கண் விழித்ததும் அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "எனக்கு எப்பவுமே இப்படித்தான் டீச்சர்" என்றாள். அப்போதுதான் எனக்கும் நினைவு வந்தது. அவள் என் பழைய மாணவி. பள்ளி நாள்களில் காலைச் சபைகூடலில் இரண்டு மூன்று முறை மயங்கி விழுந்தவள். ஒவ்வொரு முறையும் நான்தான் அவளை நிழலில் உட்கார வைத்து, சீனி போட்ட தேநீர் கொடுத்து, வகுப்புக்கு அனுப்பி வைத்தேன். பெண்பிள்ளைகள் என்றால் அப்படித்தான் என்று நினைத்தேன். அவள் பெற்றோரை அழைத்து, இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தக் குறை இன்றும் என் மனத்தை உறுத்துகிறது.

"எப்பவுமே இப்படித்தான்" என்ற இந்தச் சொல்லை ஏற்க மறுத்த ஒரு மருத்துவரின் வரலாற்றை நம் பெண்கள் அறிந்துகொள்ள வேண்டும்.

பம்பாயிலும் சென்னையிலும் நடந்த ஆராய்ச்சி

லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண்மணி 1888ஆம் ஆண்டு பிறந்தவர். கேம்பிரிட்ஜில் தாவரவியலும் நிலவியலும் கற்று, பின்னர் லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் பயின்று 1920இல் மருத்துவரானார். 1928இல் பம்பாய்க்கு வந்தார். அங்குள்ள நூற்பாலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் கருவுற்றிருக்கும்போது கடுமையான இரத்தச் சோகையால் மாண்டுபோவது ஏன் என்று கண்டறிவதே அவர் ஏற்ற பணி. ஹாஃப்கின் ஆய்வு நிலையத்தில் தங்கி அவர் ஆராய்ந்தார்.

நோயைச் சரியாக அறிந்து, அதன் காரணத்தைத் தேடிக் கண்டு, பின்னரே மருந்து செய்ய வேண்டும் என்று வள்ளுவப் பெருந்தகை 'மருந்து' என்னும் அதிகாரத்தில் நமக்குக் காட்டிய வழியும் இதுவே. லூசி வில்ஸ் அந்தப் பெண்கள் என்ன உண்கிறார்கள் என்று ஆராய்ந்தார். காய்கறியும் கீரையும் பழமும் மிகக் குறைவாகக் கிடைத்த பெண்களிடையே நோய் மிகுந்திருந்தது. எனவே, குறை உணவில்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார். 1929இல் நீலகிரியில் உள்ள குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் எலிகளைக் கொண்டு சோதனை செய்தார். 1931இல் சென்னை திருவல்லிக்கேணியில் உள்ள கோஷா மருத்துவமனையிலும் பணியாற்றினார். அந்நிய ஆடவர் முன் வராத பெண்களுக்கென்று 1885இல் தொடங்கப்பட்ட அம்மருத்துவமனை இன்று கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை என்ற பெயரில் இயங்கி வருகிறது.

அவர் கண்ட மருந்து என்ன தெரியுமா? நம் பினாங்குக் கடைகளிலும் கிடைக்கும் மார்மைட்! ஈஸ்டிலிருந்து தயாரிக்கப்படும் அந்தக் கரும்பசையைக் கொடுத்ததும் சோகையில் கிடந்த கர்ப்பிணிப் பெண்கள் தேறத் தொடங்கினர். 1931இல் இந்த முடிவுகளை அவர் வெளியிட்டார். மார்மைட்டில் உள்ள எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்பது அப்போது எவருக்கும் தெரியாததால், அதனை 'வில்ஸ் காரணி' என்றே அழைத்தனர்.

பத்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1941இல் அமெரிக்காவில் நான்கு டன் பசலைக்கீரையிலிருந்து அப்பொருளைப் பிரித்தெடுத்தனர். இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை ஒட்டி அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டனர். 1945இல் அதனைச் செயற்கையாகத் தயாரித்த லெடர்லி ஆய்வுக்கூடக் குழுவின் தலைவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் ஆவார். பம்பாய் ஆலைத் தொழிலாளிகளின் துன்பத்தில் தொடங்கிய தேடல், இன்று உலகெங்கும் கர்ப்பிணிப் பெண்களின் கையில் ஒரு சிறு மாத்திரையாக வந்து நிற்கிறது.

உடலின் வரவு செலவுக் கணக்கு

சோகைக்கு ஃபோலிக் அமிலக் குறைவு மட்டும் காரணமன்று. மிகப் பெரும்பாலும் காணப்படும் காரணம் இரும்புச்சத்துக் குறைவாகும். மாணவர்களுக்குக் கணக்குக் கற்பித்த பழக்கத்தால், இதையும் வரவு செலவுக் கணக்காகவே சொல்கிறேன்.

ஓர் ஆண்மகனின் உடல் நாளொன்றுக்கு இழக்கும் இரும்புச்சத்து ஏறத்தாழ ஒரு மில்லிகிராம். உணவிலிருந்து அவ்வளவே சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். பெண்ணுக்கு அப்படியன்று. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதவிலக்கில் 40 மில்லிலிட்டர் இரத்தம் போனால் 20 மில்லிகிராம் இரும்பும் போகிறது. நம் நாட்டில் 2019இல் நடத்தப்பட்ட தேசியச் சுகாதார ஆய்வு, 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பேருக்குச் சோகை இருப்பதாகக் காட்டியது. ஆலய மண்டபத்தில் பத்துப் பெண்கள் அமர்ந்திருந்தால், அவர்களுள் மூவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் முன்னோருக்கு இது புதிய துன்பமன்று. ரப்பர்த் தோட்டங்களில் வெறுங்காலுடன் உழைத்த நம் பாட்டிமாரின் இரத்தத்தைக் கொக்கிப்புழு உறிஞ்சியது. 1915 முதல் 1917 வரை ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய குழு ஒன்று மலாயாவுக்கே வந்து இதை ஆராய்ந்தது. இன்று காலில் செருப்பும் வீட்டில் கழிப்பறையும் உண்டு. ஆனால், சோகை மட்டும் நம்மை விட்டுப் போகவில்லை.

முதற்பருவம்: பூப்பெய்திய பெண்

வளரும் உடலுக்கும் இரும்பு வேண்டும், மாதந்தோறும் இழப்பதற்கும் ஈடு வேண்டும். ஆகவே, இப்பருவத்தில் செலவு இரட்டிப்பாகிறது. படிப்பில் கவனமின்மை, மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு, ஓயாத களைப்பு ஆகியவற்றைச் சோம்பல் என்று நாம் கடிந்துகொள்கிறோம். பச்சரிசி, மண், ஐஸ்கட்டி போன்றவற்றைத் தின்னும் ஆசையும் இரும்புக் குறைவின் அடையாளமாக இருக்கக்கூடும். சில பெண்பிள்ளைகள் திருநீற்றை அடிக்கடி வாயில் போட்டுக்கொள்வதைக் கண்டிருக்கிறேன். அதைப் பக்தி என்று மட்டும் எண்ணிவிடாமல் இரத்தத்தையும் சோதித்துப் பாருங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அணையாடை மாற்றும்படியோ, ஏழு நாளுக்கு மேலோ உதிரப்போக்கு இருந்தால் அது இயல்பன்று. மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தலசீமியா என்ற பரம்பரைக் கோளாறும் சோகையைத் தரும். அதற்கு இரும்பு மாத்திரை மருந்தாகாது. ஆகவே, சோதிக்காமல் தாமாகவே மாத்திரை வாங்கித் தொடர்ந்து உண்பதும் தவறு.

இரண்டாம் பருவம்: கருவுற்ற காலம்

ஒரு பிள்ளைப்பேற்றுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. அதை உணவு ஒன்றினாலேயே ஈடு செய்வது அரிது. ஆகவேதான், தாய்சேய் நலக் கிளினிக்குகளில் கர்ப்பிணிகளின் இரத்தத்தைச் சோதித்து மாத்திரைகள் கொடுக்கிறார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களிலும் கடைசி மூன்று மாதங்களிலும் ஹீமோகுளோபின் 11க்குக் குறைந்தால் சோகை என்று கொள்ளப்படும். சோகையுள்ள தாய்க்குப் பேறுகாலத்தில் உதிரப்போக்கு ஏற்பட்டால் அதைத் தாங்கும் வலிமை குறைவு. மாத்திரை உண்டால் மலம் கறுக்கிறது, வயிறு கட்டுகிறது என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். மலம் கறுப்பதால் கேடு இல்லை. வயிறு கட்டினால் தாதியிடம் கூறி வேறு வகை மாத்திரை கேட்கலாம். நிறுத்துவது மட்டும் கூடாது.

ஃபோலிக் அமிலத்தின் மற்றொரு பெரும்பயன் 1991இல் உறுதியாயிற்று. ஏழு நாடுகளில் 33 மையங்களில், முன்பு தண்டுவடக் குறையுள்ள பிள்ளையைப் பெற்ற 1,817 பெண்களைக் கொண்டு ஆராய்ந்தார்கள். கருவுறுவதற்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உண்டவர்களுக்கு அக்குறை மீண்டும் வருவது நூற்றுக்கு 72 பங்கு குறைந்தது. கருவின் தண்டுவடமும் மூளையும் உருவாகும் குழல் ஏறத்தாழ 28 நாள்களில் மூடிவிடுகிறது. தாம் கருவுற்றிருப்பதைப் பல பெண்கள் அறிவதற்குள் அந்நாள்கள் கடந்துவிடுகின்றன. எனவே, வளைகாப்புக்குப் பிறகு அக்கறை காட்டினால் போதாது. திருமணத்திற்கு நாள் குறிக்கும்போதே மணப்பெண் மருத்துவரைக் கண்டு ஃபோலிக் அமில மாத்திரையைப் பற்றிக் கேட்பது நன்று.

மூன்றாம் பருவம்: மாதவிலக்கு நிற்கும் காலம்

நாற்பத்தைந்து வயதுக்கு மேல் உதிரப்போக்கு முறை தவறுவது உண்டு. ஆனால், மிகுதியாகப் போவதை எல்லாம் "நிற்கும் வயது, அப்படித்தான் இருக்கும்" என்று பொறுத்துக்கொள்ளலாகாது. கருப்பையில் கட்டி இருக்கலாம். தண்ணீர்ப் பந்தலில் மயங்கிய என் மாணவிக்கும் அதுவே காரணமாக இருந்தது. சிகிச்சைக்குப் பின் அவள் நலமாக இருக்கிறாள்.

மாதவிலக்கு முற்றிலும் நின்று ஓராண்டு கடந்த பிறகு ஒரு துளி உதிரம் கண்டாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். கருப்பைப் புற்றுநோயின் முதல் அறிகுறியாகவும் அது இருக்கக்கூடும். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு மிகுதி. இன்னொன்றையும் கணக்குப்படி எண்ணிப் பாருங்கள். மாதச் செலவு நின்றுவிட்ட பிறகு இரும்பு இருப்பு உயரவேண்டுமே அன்றிக் குறையக் கூடாது. அறுபது வயதுப் பெண்ணுக்குச் சோகை என்றால், வேறெங்கோ கசிவு இருக்கிறதா என்று வயிற்றையும் குடலையும் ஆராய்வது அவசியம். வெறும் சத்து மருந்து வாங்கிக் குடித்துவிட்டு இருந்துவிடாதீர்கள்.

ஆலயமும் அடுக்களையும்

நம் வழிபாட்டு முறைக்கும் இவ்விஷயத்துக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. விரத நாள்களில் பல பெண்கள் உணவைக் குறைத்துக் கோப்பியிலும் தேநீரிலுமே பொழுதை ஓட்டுகிறார்கள். உணவோடு தேநீர் அருந்தினால் அதிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்பை உடலில் சேரவிடாது. அன்று மயங்கிய சிறுமிக்கு நான் கொடுத்த தேநீர் நோய்க்கு மருந்தாகவில்லை என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். விரதம் என்பதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

திருவிழாவை முன்னிட்டு மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரைகளைச் சிலர் தாமாகவே வாங்கி உண்கிறார்கள். இரத்தக்கட்டு ஏற்பட்டிருந்தவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அவை ஆபத்தானவை. மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. அந்த ஆண்டு பால்குடம் எடுக்க இயலாமற்போனால் அன்னை கோபிக்கமாட்டாள். அவள் தாயல்லவா?

நம் ஆலயப் பிரசாதமான கொண்டைக்கடலைச் சுண்டலும் பச்சைப்பயற்றுச் சுண்டலும் ஃபோலிக் சத்து மிகுந்தவை. முருங்கைக்கீரையும் பசலையும் அவ்வாறே. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரை வடித்துக் கொட்டினால் அச்சத்தும் நீரோடு போய்விடும். எலுமிச்சை, கொய்யா, நெல்லி ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டால் உணவிலுள்ள இரும்பு நன்கு உடலில் சேரும். முட்டையும் பாலும்கூடக் குறைத்துச் சைவம் பேணுவோர் பி12 சத்தையும் சோதித்துக்கொள்வது நலம். பி12 குறைந்திருக்கையில் ஃபோலிக் அமிலம் மட்டும் உண்டால் சோகை தீர்ந்ததுபோல் தோன்றும். ஆனால், நரம்புகளுக்கு ஏற்படும் கேடு உள்ளூரத் தொடரும்.

ஒரு வேண்டுகோள்

அன்னதானம் வழங்கும் அறங்காவலர்களுக்கும் நன்கொடையாளர்களுக்கும் என் பணிவான வேண்டுகோள் இது. பந்தியில் ஒரு கீரைப் பொரியலும் ஒரு துண்டு எலுமிச்சையும் இடம்பெறச் செய்யுங்கள். தேநீரைச் சற்று நேரம் கழித்து வழங்குங்கள். ஆலயங்களில் மருத்துவ முகாம் நடத்தும்போது இரத்த அழுத்தத்தோடும் சர்க்கரையோடும் ஹீமோகுளோபினையும் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள்.

தாய்மார்களே, உங்கள் மகளின் பிறந்த நட்சத்திரத்தை அறிந்து வைத்திருக்கிறீர்கள். அவளுடைய ஹீமோகுளோபின் அளவையும் அறிந்து வையுங்கள். உங்களுடையதையும் உங்கள் தாயாருடையதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இனி எவரேனும் "எனக்கு எப்பவுமே இப்படித்தான்" என்று சொன்னால், நான் அன்று கேட்கத் தவறியதை நீங்கள் கேளுங்கள்: "இரத்தம் சோதித்தாயா, அம்மா?"

கருவைக் காக்கும் அன்னையும் தாயுமான பெருமானும் நம் பெண்மக்கள் அனைவருக்கும் நோயற்ற நீண்ட வாழ்வை அருள்வார்களாக.

மேன்மைகொள் சைவ நெறி ஓங்குக! வாழ்க வளமுடன்!