பழைய சாமான் சொல்லும் பாடம்



எங்கள் கிட்டங்கியைப் பழுது பார்த்தபோது தகப்பனார் காலத்துத் தேக்குக் கணக்கு மேசை, வீசை எடைக்கற்கள், மரப்படி, எனாமல் விளம்பரத் தகடு எல்லாவற்றையும் காயலான் கடைக்கு மொத்தமாகத் தள்ளிவிட்டோம். இடம் காலியானதே லாபம் என்று இருந்தோம்.

ஓராண்டு கழித்து, வீடுகளுக்கு உள் அலங்காரம் செய்து தரும் ஓர் அம்மையாரைப் பார்க்கப் போனோம். கூடத்தில் எங்கள் மேசை! இழுப்பறையில் தகப்பனார் எழுதிய பிள்ளையார் சுழி அழியாமல் இருந்தது. மேசைக்கு மேலே பெல்ஜியம் கண்ணாடி. பக்கத்தில் செட்டிநாட்டு எனாமல் தூக்குகள், கை நீண்ட சாய்வு நாற்காலி, சுவரில் ரவிவர்மா அச்சுப்படம். ஒன்றுக்கொன்று உறவில்லாத சாமான்கள். ஆனாலும் கண்ணை உறுத்தவில்லை. "மரத்தின் நிறம் ஒத்துப்போக வேண்டும், சுற்றிலும் வெற்றிடம் விட வேண்டும், வைத்த பொருள் புழங்க வேண்டும், அவ்வளவுதான்" என்றார்.

இச்சரக்கு எங்கிருந்து வருகிறது? பர்மா, இலங்கை, மலேயாவில் தொழில் செய்த நகரத்தார் பர்மா தேக்கும் இத்தாலியப் பளிங்கும் கொண்டு வந்து பெரிய வீடுகள் கட்டினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அத்தொழில் சுருங்கியது, பங்கு பிரிந்தது, பராமரிக்க முடியாத வீடுகள் இடிபட்டன. கதவும் தூணும் பாத்திரமும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. நம் கடைச் சாமான்களும் அப்படித்தான். 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மெட்ரிக் அளவு வந்தபின் வீசையும் படியும் மூலைக்குப் போயின.

அன்று நாங்கள் கற்றவை:

1. பழமையை முன்பக்கத்தில் தேடாதீர்கள். இழுப்பறையை உருவிப் பின்புறம் பாருங்கள். மூலையில் மரத்தைப் பல் பல்லாக வெட்டிக் கோத்திருப்பார்கள். கைவேலை என்றால் பற்கள் ஒரே அளவாக இரா.

2. பளபளப்பாக்குகிறோம் என்று இழைக்காதீர்கள். பழைய மெருகுதான் மதிப்பு. அங்கங்கே ரசம் போன கண்ணாடிக்குப் புது ரசம் பூசினால் அதன் மதிப்பும் போயிற்று.

3. பொருள் யாருடையது, எங்கே இருந்தது என்று எழுதி வையுங்கள். வரலாறு தெரிந்த மேசைக்கும் தெரியாத மேசைக்கும் விலை வேறு.

4. சட்டம் அறியுங்கள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலை, கைவினைப் பொருள்கள் தொல்பொருளாகும். அவற்றை வியாபாரம் செய்ய உரிமம் வேண்டும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சாமி சிலை என்றால் தக்க ஆவணம் இல்லாமல் தொடவே வேண்டாம். சிலைத் திருட்டுக்கென்றே 1983 முதல் தனிக் காவல் பிரிவு இருக்கிறது. தந்த வேலைப்பாடு உள்ளவற்றையும் விலக்குங்கள்.

மேசையைத் திருப்பிக் கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. எங்களிடம் கரையான் அரித்திருக்கும். அங்கே அதன்மேல் தினமும் கணக்கு எழுதுகிறார்கள். ஊரார் சரக்குக்கெல்லாம் விலை மதிப்பிடும் நாம், நம் கிட்டங்கியில் கிடந்ததை மதிக்கத் தவறினோம். அதுதான் எங்களுக்கு நஷ்டம்.

அடுத்த முறை கிட்டங்கியை ஒழிக்கும்போது தராசில் ஏற்றுமுன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வீட்டுப் பெரியவர்களையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.