கோபால்ட்டின் ஊர் எது?

கேள்வி: மின்சார கார் வாங்கப் போகிறேன். பேட்டரியிலுள்ள கோபால்ட் எந்தச் சுரங்கத்திலிருந்து வந்தது என்று அறிய முடியுமா?

பதில்: பெரும்பாலும் முடியாது. உலகக் கோபால்ட்டில் சுமார் 70 சதவீதம் காங்கோ ஜனநாயகக் குடியரசில் கிடைக்கிறது. அங்கே கோல்வேசி பகுதியில் இயந்திரச் சுரங்கங்களுக்கு அருகிலேயே ஏழைகள் கையால் குழி தோண்டுகிறார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு என்பதுதான் என்னை உறுத்துகிறது. இருவகைத் தாதும் வியாபாரிகளின் கிடங்கில் கலந்து, பெரும்பாலும் சீனாவில் சுத்திகரிக்கப்படுகிறது. அதன்பின் எது யார் தோண்டியது என்று பிரிப்பது மிகக் கடினம். எனவே சுரங்க வாசலிலிருந்தே பதிவு தொடங்க வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2027 பிப்ரவரி முதல் மின்கார் பேட்டரிகளுக்கு, அவற்றின் விவரங்களைப் பதியும் டிஜிட்டல் பாஸ்போர்ட்டைக் கட்டாயமாக்குகிறது; நல்ல தொடக்கம். இன்னொரு வழியும் உண்டு: லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் கோபால்ட்டே கிடையாது. நீங்கள் வாங்கும் காரின் பேட்டரி எந்த வகை என்று ஷோரூமில் கேளுங்கள்.